திரும்பும் நேரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலையுதிர் காலம் வந்தாலே பயணப் பக்கங்களில் மலை நடை பற்றிய கட்டுரைகள் வரிசை கட்டுகின்றன. காலையில் தனியாகக் கிளம்பி மாலைக்குள் திரும்புவது எப்படி என்று எழுதுபவர்கள் எந்த இடத்தில் காட்சி நன்றாக இருக்கும், எந்த வாரத்தில் மரங்கள் நிறம் மாறும், பாதை எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும், அன்றைக்குச் சூரியன் எப்போது மறைகிறது, எத்தனை மணிக்கு முகத்தைத் திருப்பி இறங்கத் தொடங்க வேண்டும் என்ற மூன்று விவரங்கள் மட்டும் விட்டுப்போகின்றன. தனியாகப் போகிறவருக்கு முதலில் வேண்டியவை இந்த மூன்றும்தான்.

குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும், சிறுபொழுதாக யாமத்தையும் வைத்தது நம் இலக்கணம். காதலர்களுக்கு அது பொருந்தலாம். ஒரு நாள் நடைக்குப் போனவர் யாமத்தில் மலைமேல் இருந்தால் தேடப்போகும் குழுவுக்குத்தான் வேலை.

கோடையில் இரண்டு மணி நேரம் பிந்தினாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகிற நாளை ஒட்டிப் பகல் மிக வேகமாகக் குறைகிறது. 45 பாகை அட்சரேகையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 நிமிடம், வாரத்துக்கு 20 நிமிடம். 60 பாகைக்குப் போனால் நாளுக்கு 5 நிமிடத்தையும் தாண்டும். தென் அரைக்கோளத்தில் இதே கணக்கு மார்ச்சில் தொடங்கும். நான்கு வாரத்துக்கு முன் போய்வந்தவர் எழுதிய நேரங்களை அப்படியே நம்பிக் கிளம்பினால், அவருக்குக் கிடைத்த பகலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உங்களுக்கு இருக்காது. கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இன்னொரு சிக்கல். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் ஞாயிறு, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். சனிக்கிழமை 5.50க்கு மறைந்த சூரியன் மறுநாள் 4.50க்கெல்லாம் போய்விடும்.

பஞ்சாங்கமோ ஃபோனோ காட்டும் மறைவு நேரம் தடையில்லாத அடிவானத்துக்கு உரியது. மேற்கே ஒரு முகடு நின்றால் பள்ளத்தாக்கில் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெயில் போய்விடும். குளிரும் உடனே இறங்கும். மறைவுக்குப் பிறகு கிடைக்கும் அந்தி வெளிச்சமும் நடுத்தர அட்சரேகைகளில் அரை மணி நேரம்தான். அடர்ந்த காட்டுக்குள் அதில் பாதியைக்கூட நம்ப முடியாது.

சரி, நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றைக்கும் செல்லும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஓய்வு இதில் சேராது. செங்குத்தான இறக்கமாக இருந்தால் 300 மீட்டருக்கு 10 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது பிற்காலத் திருத்தம். இலையுதிர் காலத்துக்கு இதன்மேல் கால்பங்கு சேர்ப்பது நல்லது. ஏன் என்பதைச் சருகு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

போக 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்று ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். ஏற 1 மணி 12 நிமிடமும் 1 மணி 30 நிமிடமும் சேர்த்து 2 மணி 42 நிமிடம். கால்பங்கு கூட்டினால் 3 மணி 23 நிமிடம். இடையில் அரை மணி ஓய்வு என்றால் 3 மணி 53 நிமிடம். இறங்க 1 மணி 12 நிமிடம், செங்குத்துக்கு 30 நிமிடம், கால்பங்கு 25 நிமிடம், நிற்பதற்கு 15 நிமிடம்: 2 மணி 22 நிமிடம். மொத்தம் 6 மணி 15 நிமிடம். சூரியன் 5.50க்கு மறைகிறது, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, 4.50க்கு, அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று வைத்தால் காலை 10.35க்குப் பிறகு கிளம்பக் கூடாது. 8.30க்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் கையிருப்பு. வழி தவறித் தேடுவது, காலில் கொப்புளம், பாலம் உடைந்து சுற்றிப் போவது எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்திலிருந்துதான் கழியும்.

இதே கணக்கைப் பின்னாலிருந்து போட்டால் திரும்பும் நேரம் வரும். 4.50இலிருந்து 2 மணி 22 நிமிடத்தைக் கழித்து, கொஞ்சம் முன்னே இழுத்தால் பிற்பகல் 2.20. அந்த நேரத்தில் எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, இன்னும் 20 நிமிடம்தான் என்று தோன்றினாலும் சரி. அந்த 20 நிமிடம் போக 20, மேலே நிற்க 15, திரும்பி அதே இடத்துக்கு வர 15 என்று 50 நிமிடமாகிவிடும். கூட யாராவது இருந்தால் ஒருவர் ‘போதும், இறங்கலாம்’ என்பார். தனியாக இருக்கும்போது அதைச் சொல்ல ஆளில்லை. அதனால் காலையிலேயே ஃபோனில் 2.20க்கு அலாரம் வைத்துவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் ஒரு சோதனையும் வேண்டும்: மேலே சொன்ன பாதையில் 450 மீட்டர் ஏறியபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் சரியாகப் போகிறீர்கள். இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தால் இறங்கவும் அதே விகிதத்தில் கூடுதல் நேரம் பிடிக்கும். திரும்பும் நேரத்தை அங்கேயே அரை மணி முன்னே கொண்டுவந்து அலாரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனிச் சருகு. புகைப்படத்தில் அழகாகத் தெரிகிற அதே சருகு காலுக்கடியில் வேறு குணம் காட்டும். நடந்து நடந்து தேய்ந்த பாதை சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்ந்து, வாய்க்கால் போலக் கிடக்கும். காற்றில் வரும் இலைகள் அங்கேதான் வந்து தங்கும். மேலே இரண்டு விரற்கடை கனம் தெரிந்தாலும் உள்ளே கணுக்கால் ஆழம் இருக்கலாம். அதற்கடியில் ஈர வேர், உருளும் கல், இரண்டு பாறைக்கு நடுவே இடுக்கு. கால் இடுக்கில் இறங்கி, உடல் முன்னே போகிற அந்த நொடியில்தான் கணுக்கால் பிசகுகிறது. ஈரச் சருகு மட்கத் தொடங்கியதும் வழவழப்பாகிவிடும். அது பாறைமேல் ஒட்டிக் கிடந்தால் சோப்பு தடவிய தரைதான். காய்ந்த சருகை நம்பலாமா என்றால், சரிவில் அதுவும் ஆகாது. மேல் அடுக்கு கீழ் அடுக்கின்மேல் சறுக்கும், ஷூவின் பல் மண்ணைத் தொடவே தொடாது.

இறங்கும்போது அடியைச் சிறிதாக வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி மிதிக்க வேண்டும். குதிகாலை நீட்டி வைத்தால் வழுக்கியதும் மல்லாந்து விழ நேரும். சருகு மூடிய இடத்தில் முதலில் ஊன்றுகோல், பிறகு கால். கோலின் நுனியில் மாட்டியிருக்கும் ரப்பர் மூடி ஈரச் சருகில் வழுக்கும், அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு இரும்பு நுனியை ஊன்றுங்கள். இறக்கத்துக்குக் கோலை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டால் உடல் முன்னே கவிழாது. ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் கால் முன்னே சரிந்து விரல்நகம் ஷூவின் முனையில் இடிக்காது. உச்சியில் ஒரு நிமிடம் ஒதுக்கி இதைச் செய்பவர்கள் குறைவு. கருநகத்தோடு வீடு திரும்புகிறவர்கள் அதிகம்.

சருகு செய்யும் இன்னொரு காரியம் பாதையையே மறைப்பது. இலை கொட்டிய காட்டில் தரை முழுக்க ஒரே நிறம், மரங்களுக்கிடையே எங்கே பார்த்தாலும் வழி இருப்பது போலத் தோன்றும். உண்மையான பாதையைக் காட்டிக்கொடுப்பவை வேறு: குறுக்கே விழுந்த மரத்தை ரம்பத்தால் அறுத்து விலக்கிய வெட்டுமுகம், மிதிபட்டுப் பளபளக்கும் வேர், கல்லடுக்கிய படி, மரத்தில் தீட்டிய வண்ணக் குறி. நூறு அடி வைத்தும் இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையென்றால் நிற்க வேண்டும். முன்னே போய்த் தேடாமல் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிப் போக வேண்டும். ஏறும்போதே ஒவ்வொரு பிரிவிலும் திரும்பிப் பார்த்து வைத்துக்கொள்வது உதவும், இறங்கும்போது தெரியப்போவது அந்தக் காட்சிதான். ‘ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வந்துவிடும்’ என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஓடை நேராக அருவிக்குப் போகும், நாம் அப்படிப் போக முடியாது.

உறைபனி பற்றிச் சுருக்கமாக. மரப்பாலம் தரைக்கு முன்பே உறையும், மேலும் கீழும் காற்று படுவதால். வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவு, தென் அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவு, நண்பகலிலும் வெயில் காணாமல் கிடக்கும். காலையில் கண்ணாடி போன்ற பனிப்படலம் அங்கே பாறைமேல் இருந்தால் மாலைவரை இருக்கும். பாதை அந்தப் பக்கம் போகிறதா என்பதை வரைபடத்தில் முதல் நாளே பார்த்துவிடலாம்.

குளிரை எல்லோரும் வெப்பமானி எண்ணைப் பார்த்து அளக்கிறார்கள். மேலே போகப் போக 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை குறையும். அடிவாரத்தில் 12 பாகை செல்சியஸ் என்றால் 900 மீட்டர் ஏறினால் 6 பாகை. அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது 1 பாகை போலத் தெரியும். இந்தக் கணக்கு உலர்ந்த தோலுக்கு. வியர்வையில் நனைந்த சட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைய உறைநிலைக் குளிர் தேவையில்லை. 5, 6 பாகை, ஈரம், காற்று, களைப்பு, இவ்வளவு போதும்.

ஆகவே மலையேறுகிறவரின் முதல் எதிரி அவருடைய வியர்வை. கிளம்பும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்குத்தான் உடுத்த வேண்டும். பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகும். அதற்குப் பிறகும் மேலங்கியைக் கழற்றாமல் ஏறினால் உச்சிக்குப் போவதற்குள் உள்சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும். பருத்தி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே போட அது ஆகாது. மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்சட்டை, அதற்குமேல் ஃப்ளீஸ் எனும் பஞ்சுபோன்ற செயற்கை இழைச் சட்டை, அதற்குமேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி. பையில் ஒரு உலர்ந்த உள்சட்டையும் இரண்டாவது ஜோடிக் கையுறையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருங்கள். உச்சியில் நின்றதும், படம் எடுப்பதற்கு முன், ஈரச் சட்டையை மாற்றிவிட வேண்டும். திறந்த முகட்டில் சட்டையைக் கழற்றுவதற்கு மனம் வராது, இருந்தாலும் 30 விநாடி நடுக்கத்தோடு போகும்.

தனியாகப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சோதனை உண்டு. உடல் வெப்பம் குறையத் தொடங்கினால் முதலில் கெடுவது விரல்களின் நுணுக்கமும் யோசனையும்; யோசனை கெட்டவருக்குத் தன் யோசனை கெட்டது தெரியாது. கூட்டாளி இருந்தால் பேச்சு குழறுவதை அவர் கவனிப்பார். தனியாக இருந்தால் அவ்வப்போது கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை, அல்லது ஜிப்பை இழுக்க இரண்டு மூன்று தடவை தடுமாறுகிறது என்றால் உடனே இருப்பதையெல்லாம் உடுத்தி, இனிப்பாக எதையாவது சாப்பிட்டு, காற்றுக்கு மறைவாக இறங்கத் தொடங்க வேண்டும்.

விளக்கு. மாலைக்குள் வந்துவிடுவேன் என்பவருக்கும் தலையில் கட்டும் டார்ச் கட்டாயம். ஃபோன் டார்ச் அதற்கு ஈடாகாது. ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், கீழே விழுந்தால் விளக்கும் வரைபடமும் அவசர அழைப்பும் சேர்ந்து போய்விடும். பையில் கிடக்கும்போது பொத்தான் அமுங்கி எரிந்து, தேவைப்படும் நேரத்தில் பேட்டரி தீர்ந்து கிடப்பதுதான் தலைவிளக்கில் அடிக்கடி நடக்கும் கோளாறு. பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு வையுங்கள். மாற்று பேட்டரி ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் வகையாக இருந்தால் கடும் குளிரிலும் வேலை செய்யும். மூடுபனியில் நெற்றியில் விளக்கைக் கட்டினால் வெண்சுவர்தான் தெரியும், ஒளி துளிகளில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்புகிறது. கழற்றி இடுப்பளவில் கையில் பிடித்தால் தரை தெரியும். கல்லும் வேரும் நிழல் போட்டுத் தம் உயரத்தைக் காட்டும்.

ஃபோனைச் சட்டையின் உட்பையில் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும், குளிரில் பேட்டரி 30 சதவீதத்திலும் திடீரென்று அணையும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு ஏரோப்ளேன் மோடில் நடக்கலாம், ஜி.பி.எஸ். வேலை செய்யும். சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடித்தான் பேட்டரி தீர்கிறது.

தண்ணீர் 2 லிட்டர். கோடை முடிவில் பல சுனைகள் வற்றியிருக்கும், வரைபடத்தில் நீலப் புள்ளி இருப்பதை நம்பி ஏற வேண்டாம். குளிரில் தாகம் தெரியாது என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடிக்க வேண்டும். வடிகட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: நுண்குழல் வடிகட்டி ஒரு தடவை உள்ளே உறைந்தால் குழல்கள் வெடித்துவிடும், வெளியில் ஒன்றும் தெரியாது, தண்ணீர் வழக்கம்போல வரும், கிருமியும் சேர்ந்து வரும்.

பருவத்துக்கே உரிய வேறு சில விஷயங்கள். வேட்டை அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் இது வேட்டைக் காலம். பழுப்பும் பச்சையும் தவிர்த்துக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேல்சட்டையோ தொப்பியோ வேண்டும். மான் இனங்கள் பலவற்றுக்கு இது இணைசேரும் பருவம், ஆண் மான் விலகிப் போகாமல் எதிர்த்து வரலாம். கரடி இருக்கும் மலைகளில் குளிர்காலத் தூக்கத்துக்கு முன் அவை நாள் முழுக்கத் தின்றுகொண்டிருக்கும், தலை நிமிராது. காற்று நம் பக்கம் அடிக்கும்போதும் ஓடை இரைச்சலுக்கருகிலும் குரல் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும்.

விழுந்து கால் பிசகிவிட்டால் வரிசை முக்கியம். முதலில் எல்லா உடையையும் உடுத்துங்கள், பையின்மேல் உட்காருங்கள், பிறகு ஃபோனை எடுங்கள். ஈரத் தரை உடல் சூட்டை உறிஞ்சுவது காற்றைவிட வேகமாக நடக்கும். நடந்தே தீர வேண்டுமென்றால் ஷூவைக் கழற்றாதீர்கள், வீங்கினால் மறுபடி மாட்ட முடியாது. அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். விசிலால் அபாயக் குறி கொடுக்கும் முறை: ஒரு நிமிடத்தில் 6 ஊதல், அதாவது 10 விநாடிக்கு ஒன்று, பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி 6. இருட்டில் டார்ச்சாலும் இதே கணக்கு. கேட்டவர்களின் பதில் நிமிடத்துக்கு 3 குறியாக வரும். வட அமெரிக்காவிலோ மூன்று மூன்றாகக் கொடுப்பதுதான் அபாயக் குறி.

கடைசியாக, கிளம்புமுன் ஒருவரிடம் விட்டுச்செல்ல வேண்டிய குறிப்பு. ‘மலைக்குப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன்’ என்பதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் தேட முடியாது. சமூக ஊடகத்தில் போட்டால் ஐந்நூறு பேர் பார்ப்பார்கள், ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். பொறுப்பான ஒரே ஒருவருக்கு இப்படி எழுதி அனுப்பலாம்:

“வடக்கு வாசலில் வண்டியை நிறுத்தி (எண் இதோ) காலை 8.30க்குக் கிளம்புகிறேன். கிழக்கு முகட்டுப் பாதையில் ஏறி அதே பாதையில் இறங்குவேன், வேறு வழி போக மாட்டேன். எங்கே இருந்தாலும் 2.20க்குத் திரும்புவேன். 4.50க்கு வண்டியருகே இருப்பேன். ஆரஞ்சு மேலங்கி, நீலப் பை. 7 மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்கவும், எண் கீழே. அதற்கு முன் பதற்றம் வேண்டாம். அதற்குப் பின் தயக்கம் வேண்டாம்.”

இதில் ‘வேறு வழி போக மாட்டேன்’ என்ற வாக்கை மலையில் நின்றுகொண்டு மாற்றினால் குறிப்பு குப்பைக்குச் சமம். தேடுபவர்கள் தவறான சரிவில் தேடுவார்கள். இறங்கியதும் முதல் வேலை ‘வந்துவிட்டேன்’ என்று அவருக்குச் சொல்வது. மறந்தால், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிற ஒருவருக்காக இருட்டில் பத்துப் பேர் மலையேறுவார்கள்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு மலைப்பாதைக் கட்டுரையின் ஓரத்திலும் ஒரு சிறு பெட்டி போடுங்கள். மொத்தத் தூரம், மொத்த ஏற்றம், கட்டுரை வெளியாகும் வாரத்தில் அந்த இடத்தின் சூரிய மறைவு, அதிலிருந்து கணக்கிட்ட திரும்பும் நேரம். கட்டுரையாளர் நடந்துவந்த தேதியையும் சேர்த்து அச்சிட்டால், அவருடைய நேரங்களில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை வாசகர்களே போட்டுக்கொள்வார்கள். அந்தப் பெட்டி அடைக்கிற இடம் எட்டு வரி. காட்சிமுனைப் படத்தை ஒரு விரற்கடை சுருக்கினால் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
மலைப்பாதைகளில் நடந்து பழகிய வாசகர்